எல்லை திறந்துவிட்டது, நான் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை

ஜொகூர் பாரு வட்டாரத்தில் வசிக்கும் 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் அவருக்குப் பல ஆண்டுகளாக வேலை. இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தினமும் கடந்து போய் வந்தவர். 2020 மார்ச் 16 இரவு மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதி முதல் மலேசியர்கள் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. "இரண்டு வாரம்தான், தங்க இடம் தருகிறோம், வந்துவிடுங்கள்" என்றது கம்பெனி. மறுநாள் மாலை, நான்கு செட் துணியைப் பையில் திணித்துக்கொண்டு, பாலர் பள்ளியில் இருந்த மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு நெரிசலோடு நெரிசலாகப் பாலம் ஏறினார். வீடு திரும்பியது 2021 டிசம்பரில். இடையில், 2020 ஜூலைக் கடைசியில், தைப்பிங்கில் இருந்த அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார். இறுதிச் சடங்கை, சிங்கப்பூரில் மார்சிலிங்கில் மூன்று பெண்களோடு பகிர்ந்திருந்த அறையில் இருந்தபடி வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்திருக்கிறார். வாய்க்கரிசி போடும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

இன்று தினமும் வேலைக்குப் போய்வருகிறார். ஆனால் வேலையைத் தவிர வேறு எங்கும் போவதில்லை. கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போகவிருந்த பயணத்தைக் கடைசி நாளில் ரத்து செய்தார். தோழிகளோடு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போவதும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை பேருந்து பாலத்தில் நின்றுவிட்டால் மூச்சு அடைக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. ஒருமுறை நடுவழியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். பக்கத்துக் கடைக்குப் போனால்கூடக் கடப்பிதழ், மாற்றுத்துணி, சார்ஜர், ஒரு வாரத்துக்கான மாத்திரை எல்லாம் பையில் இருக்கும். மூன்று மாதத்தில் ஈப்போவில் அண்ணன் மகனின் திருமணம். அம்மா இப்போதே சொல்லிவிட்டாராம்: "அப்பன் சாவுக்கு வராதவ, கல்யாணத்துக்கு வந்து என்ன செய்யப்போற?"

அவர் கேட்பவை: இது பைத்தியத்தின் தொடக்கமா? கணவர் சொல்வதுபோல வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா? தோழி தந்த சானாக்ஸ் மாத்திரையைப் பாலம் கடக்கும்போது போட்டுக்கொள்ளலாமா? சிங்கப்பூரில் மனநல மருத்துவரைப் பார்த்தால் வேலை அனுமதி போய்விடுமா?

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துக்கொள்கிறேன்: "சில ராத்திரி, காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றும்." களைத்துப்போன பலருக்கு வரும் நினைப்புதான் இது. ஆனாலும் நான் இதைக் கடந்து போகமாட்டேன். இந்த வாரமே உங்கள் கணவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணமாகவோ எப்படி என்ற யோசனையாகவோ அது மாறினால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. சிங்கப்பூரில் இருக்கும் நேரத்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண் 1767.

இனி முதல் கேள்வி. பைத்தியம் இல்லை. நீங்கள் விவரித்திருப்பது பீதித் தாக்கு. அதோடு சேர்ந்து, உடனே வெளியேற முடியாத இடங்களைத் தவிர்க்கும் பழக்கமும் வந்திருக்கிறது. இதை மருத்துவத்தில் அகோராபோபியா என்பார்கள். மனநலப் பிரச்சினைகளில் நன்றாகக் குணமாகும் வகைகளில் இது ஒன்று. உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. தொற்றின் முதல் ஆண்டிலேயே உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது.

கிருமியைப் பற்றிய பயம் இல்லை இது

"இன்னும் கொரோனா பயம் போகலையா" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நீங்களும் அதையே நம்பிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தையே பாருங்கள். முகக்கவசம் போடுவதை நிறுத்திப் பல மாதம் ஆயிற்று என்கிறீர்கள். கேன்டீனில் இருநூறு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். ஆனால் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் தேடுவது "எல்லை மூடல்" என்ற செய்தியை. நோய் வந்துவிடும் என்று நீங்கள் பயப்படவில்லை. தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்வோம், அந்த நேரம் பார்த்து வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்றுதான் பயப்படுகிறீர்கள்.

வேலைக்குப் போக முடிகிறது, திருமணத்துக்குப் போக முடியவில்லை என்ற புதிரும் இப்படிப் பார்த்தால் அவிழ்கிறது. வேலைக்குப் போவது கட்டாயம் என்று மனம் கணக்கு வைத்திருக்கிறது. உல்லாசமாகப் போவதோ "தேவையில்லாமல் எடுத்த ரிஸ்க்". அங்கே ஏதாவது நடந்தால் பழி முழுக்க உங்கள் தலையில். அப்பா தவறிய நாள் மாலை அறைத் தோழியின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டிக்கொண்டிருந்தேன், தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை என்று ஓர் இடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு சிரிக்கப் போகிற இடமெல்லாம் ஆபத்தான இடமாகிவிட்டது.

பாலத்தில் உடம்பில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் பாதி மிரட்டல் குறையும். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் உதடு குறுகுறுப்பதும் தலை லேசாவதும் அதனால்தான். காற்று போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் இது தானாக வடியும். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். பீதியில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கத்துக்கு அது இறங்க வேண்டும். அதனால் பீதியில் மயங்கி விழுவது அரிது.

அன்று பேருந்தைவிட்டு இறங்கி நடந்தீர்களே, அதில்தான் சிக்கல். இறங்கியதும் நிம்மதி வந்தது. "இறங்கியதால் பிழைத்தோம்" என்று மூளை பதிந்துகொண்டது. உட்கார்ந்திருந்தாலும் அது வடிந்திருக்கும் என்பதை அதற்குக் காட்டும் வாய்ப்பு போய்விட்டது. கேமரன் மலைப் பயணத்தை ரத்து செய்தபோதும் இதேதான் நடந்தது.

அந்த ஜூலை மாதக் கணக்கு

"நான் நினைத்திருந்தால் போயிருக்கலாம், பணத்துக்காகப் போகவில்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுத் தேதிகளைப் பார்ப்போம்.

மலேசியக் குடிமக்கள் நாடு திரும்பத் தடை இருக்கவில்லை, அது உண்மை. ஆனால் திரும்பியவர்களுக்கு 14 நாள் தனிமைப்படுத்தல். நம் வழக்கப்படி அடக்கமோ தகனமோ பெரும்பாலும் மறுநாளே முடிந்துவிடும். செய்தி வந்த அந்த நிமிடமே எழுந்து ஓடியிருந்தாலும், தைப்பிங்கில் சடங்கு நடந்தபோது நீங்கள் தனிமையில்தான் இருந்திருப்பீர்கள். வேறொரு அறையிலிருந்து, அதே வாட்ஸ்அப்பில்தான் பார்த்திருப்பீர்கள். அதிகபட்சம் 16-ஆம் நாள் கருமக்கிரியைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போக அப்போது உறுதியான வழி கிடையாது. நீண்டகால அனுமதி உள்ள தொழிலாளர்களுக்கான முறையான போக்குவரத்து ஏற்பாடு 2020 ஆகஸ்ட் 17-ல்தான் தொடங்கியது. அதிலும் மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்த பிறகே ஊர் விடுப்பு. மரணத்துக்காகவும் கடும் நோய்க்காகவும் கருணை அடிப்படையில் எல்லை கடக்கும் ஏற்பாட்டை இரு நாடுகளும் 2021 மே 17-ல்தான் தொடங்கின. உங்கள் அப்பா தவறியபோது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இருந்த கதவுகளுக்கும் பின்னால் வந்த கதவுகளுக்கும் வித்தியாசம் தெரியாமல், எல்லாமே அன்றைக்கே திறந்திருந்ததுபோல நினைத்து உங்களையே விசாரணை செய்துகொண்டிருக்கிறீர்கள். பிற்பாடு தெரிந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. 2020 டிசம்பர் வாக்கில் ஊர் விடுப்பு கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமான வருத்தம்தான், அதை நான் துடைத்துவிட மாட்டேன். கம்பெனி சம்பளமில்லா விடுப்பு என்றது, இரு பக்கமும் பரிசோதனைச் செலவு, தனிமை நாட்கள், வீட்டுக் கடன். அந்த நெருக்கடியில் எடுத்த முடிவு அது. ஆனால் இறுதிச் சடங்கைத் தவறவிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

துக்கம் இன்னும் முடியவில்லை என்பதும் தெரிகிறது. அதற்குச் சில வேலைகள் இருக்கின்றன. அப்பாவின் கடைசி நாளைப் பற்றி யார் யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டு எழுதுங்கள்: காலையில் என்ன சாப்பிட்டார், யாரிடம் கடைசியாகப் பேசினார், யார் குளிப்பாட்டினார், என்ன வேட்டி கட்டினார்கள், அஸ்தியை எங்கே கரைத்தார்கள். இணைப்பு அறுந்த பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்த இடத்தை உங்கள் மனம் கற்பனையால் நிரப்பிக்கொண்டிருக்கிறது. உண்மை பெரும்பாலும் கற்பனையைவிடச் சாதாரணமாக இருக்கும். அடுத்த திதிக்கு அஸ்தி கரைத்த இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். இந்த ஆண்டே போக வேண்டும் என்பதில்லை.

பையிலிருந்து தொடங்குவோம்

இரண்டு வாரத்துக்கு என்று கட்டிய பை 21 மாதத்துக்குப் போதவில்லை. அதனால் இன்று மளிகைக் கடைக்கும் பையோடு போகிறீர்கள். காரணம் புரிகிறது. ஆனால் அந்தப் பை உங்களைக் காப்பாற்றவில்லை, "ஆபத்து இருக்கிறது" என்று தினமும் நினைவூட்டுகிறது. செய்தியைத் தேடுவதும், வாசல் பக்கத்து இருக்கையில் மட்டும் உட்காருவதும், மகனுக்கு மணிக்கொருமுறை வாட்ஸ்அப் அனுப்புவதும் இதே ரகம். பாதுகாப்புப் பழக்கங்கள் என்று இவற்றைச் சொல்வோம். இவற்றை வைத்துக்கொண்டு எத்தனை இடத்துக்குப் போனாலும் பயம் குறையாது. "பை இருந்ததால் தப்பித்தோம்" என்றே மனம் சொல்லும்.

எல்லை இனி ஒருபோதும் மூடாது என்று நான் வாக்குத் தரமாட்டேன், யாராலும் தர முடியாது. உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்தது. நம் எல்லை 2022 ஏப்ரல் 1 முதல் முழுமையாகத் திறந்திருக்கிறது. அதற்கு மேல் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் கவலைப்படுவதற்குப் பதில் ஒரே ஒரு முறை திட்டமிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எல்லை மூடினால் யார் எந்தப் பக்கம் இருப்பது, மகன் பொறுப்பு யாருக்கு, வீட்டுக் கடன் தவணை எந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும், அம்மாவுக்கு அவசரம் என்றால் தைப்பிங்கில் யார் போவது, பத்திரங்களின் நகல் எங்கே. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதை அலமாரியில் வைத்த பிறகு எல்லைச் செய்தி பார்ப்பது வாரத்தில் ஒருநாள், பத்து நிமிடம். மனம் இழுத்தால் "திட்டம் அலமாரியில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். முதல் வாரம் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள், குறையும்.

அடுத்து ஏணி. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுங்கள். 30-லிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்து ஒரு மாதிரி:

1. கடப்பிதழும் மாற்றுத்துணியும் இல்லாமல், பர்ஸும் கைப்பேசியும் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அருகில் பசார் மாலாமில் ஒரு மணி நேரம்.
2. தோழி ஒருத்தியோடு பேரங்காடியில் மதியச் சாப்பாடு. அந்த இரண்டு மணி நேரம் வீட்டுக்குச் செய்தி அனுப்புவதில்லை.
3. கூலாயிலோ பொந்தியானிலோ உறவினர் வீட்டுக்குப் போய் இரவு திரும்புவது.
4. சனிக்கிழமை காலை, வேலை இல்லாத நாளில், சிங்கப்பூர் பக்கம் பேருந்தில் போய்ப் பசியாறிவிட்டு வருவது. வாசலுக்குத் தூரமான இருக்கை.
5. வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் இறங்காமல் உட்கார்ந்து வருவது.
6. மலாக்காவுக்குப் பேருந்தில் ஒருநாள் பயணம்.
7. வெளியூரில் ஓர் இரவு தங்குவது.

நான்காம் படிக்குச் சனிக்கிழமை காலையைச் சொன்னதற்குக் காரணம், வார இறுதியில் கூட்டம் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வரும். எதிர்த் திசை லேசாக இருக்கும். பள்ளி விடுமுறை வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், அதைத் தவிர்த்துத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு படியையும் ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை செய்ய முடிந்தால் நல்லது. மாதத்துக்கு ஒருமுறை போனால் ஒவ்வொரு முறையும் முதல் முறைதான். கிளம்பும் முன் ஒரு வரி எழுதுங்கள்: "போனால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்?" திரும்பியதும் இன்னொரு வரி: "என்ன நடந்தது?" இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள இடைவெளியில்தான் சிகிச்சை நடக்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பி வராதீர்கள். கொஞ்சமாவது இறங்கிய பிறகு வாருங்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் யூடியூப் பார்த்துத் தப்பிப்பதும் வேண்டாம், அதுவும் ஒரு வகைப் பைதான்.

மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். ஆழமாக இழு என்று சொல்வதைக் கேட்டு, ஏற்கெனவே அதிகமாக இழுத்தவர்கள் இன்னும் இழுக்கிறார்கள். நீங்கள் 4 எண்ணும்வரை மூக்கால் மெதுவாக, கொஞ்சமாக இழுத்து 6 எண்ணும்வரை விடுங்கள். காலையிலும் இரவிலும் ஐந்தைந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போது பழகுங்கள். முதன்முதலாகப் பாலத்தில் வைத்து முயன்றால் வேலை செய்யாது.

கணவர் இதில் எங்கே வருகிறார்? முதல் இரண்டு முறை கூட வரட்டும், பிறகு விலகிக்கொள்ளட்டும். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்ற வார்த்தையை அவர் நிறுத்தினால் பேருதவி. அன்பில்தான் சொல்கிறார், ஆனால் அவர் இல்லாத இடத்துக்கு நீங்கள் போகவே முடியாமல் ஆக்கிவிடுகிறது அது. "எவ்வளவு இருக்கு, அறுபதா எழுபதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது மேல்.

மாத்திரை, மருத்துவர், வேலை அனுமதி

தோழி தந்த மாத்திரையைப் போடாதீர்கள். சானாக்ஸ் என்பது அல்ப்ரசோலம், பென்சோடயசபின் வகை. அரை மணியில் பயத்தை அமுக்கிவிடும், அதனாலேயே ஆபத்து. சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய பதற்றம் வரும். ஏணி வேலையையும் கெடுக்கும், ஏனென்றால் பாலத்தைக் கடந்தது நீங்கள் இல்லை, மாத்திரை. சட்டப்படியும் சிக்கல் இருக்கிறது: இரு நாட்டிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. உங்கள் பெயரில் சீட்டு இல்லாத மாத்திரையோடு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்பது, உங்கள் பயத்துக்கு நீங்களே உண்மையான காரணம் செய்துகொடுப்பதுபோல.

முதலில் வீட்டருகே உள்ள அரசுச் சுகாதார நிலையத்துக்கு, அதாவது கிளினிக் கேசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று சொல்லி, தைராய்டு, இரத்தசோகை, இ.சி.ஜி. மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். 40 வயதுக்கு மேல், மாரடைப்பு வந்த அப்பாவின் மகள் என்ற முறையில் இதைத் தாண்டிப் போகக்கூடாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அங்கேயே கேள்வித்தாள் வைத்திருப்பார்கள். கடைசிப் பக்க வரியை மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். "தம்போய்க்கு அனுப்பிவிடுவார்களோ" என்று எழுதியிருந்தீர்கள். அங்கே உள்ள பெர்மாய் மனநல மருத்துவமனையின் பெயரை ஊரில் கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் உங்களைப் போன்றவர்கள் வெளிநோயாளியாக வந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

மருந்து தேவைப்பட்டால் பொதுவாக செர்ட்ராலின் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில், 25 மில்லிகிராம் அளவில், தொடங்குவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பும் வயிற்றுப் புரட்டலும் கூடலாம். பலர் இந்த இடத்தில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றான பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். மருந்தா பேச்சுச் சிகிச்சையா என்றால், உங்கள் நிலைக்கு முதலில் பேச்சுச் சிகிச்சையைத்தான் சொல்வேன், தூக்கமும் அந்தக் கடைசி வரியும் ஒரு மாதத்தில் மேம்படவில்லை என்றால் இரண்டும் சேர்த்து. வாரம் ஒன்று என்று 12 அமர்வு வரை பிடிக்கலாம்.

வேலை அனுமதி பற்றி: பீதிக்கு மருத்துவம் பார்த்ததற்காக அனுமதி தானாக ரத்தாகிவிடாது. மருத்துவர் உங்கள் சம்மதமில்லாமல் முதலாளியிடம் நோயைச் சொல்லக்கூடாது. உங்களுக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. வேலை விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்பது சரியில்லை என்று சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டுதல் 2020-லேயே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்தில் மனநலப் பிரச்சினையின் பேரில் பாகுபாடு காட்டுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் இப்படி. நடைமுறையில் விஷயம் கசிவது இரண்டு வழியில்: கம்பெனி காப்புறுதியில் கோரிக்கை போட்டால் பில்லில் நோயின் பெயர் வரலாம், மருத்துவச் சான்றிதழில் நோய் எழுதாவிட்டாலும் மருத்துவமனையின் பெயர் இருக்கும். அதனால் ஜொகூரில், விடுமுறை நாளில் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் செலவும் குறைவு, மன உளைச்சலும் குறைவு.

வேலையை விடுவதா

இப்போது விடாதீர்கள். பயத்தின் பேச்சைக் கேட்டு விட்டால் முதல் மாதம் நிம்மதியாக இருக்கும், பிறகு வீட்டு வாசல் அடுத்த பாலமாகிவிடும். மூன்று மாதம் ஏணியில் ஏறிய பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எடுங்கள். ஆனால் கணவர் சொல்வதில் வேறொரு நியாயம் இருக்கிறது, அதைத் தனியாகப் பாருங்கள். அதிகாலை நாலரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறீர்கள், தூக்கம் ஐந்து மணி நேரம். அதைச் சமாளிக்க நாளுக்கு நான்கு காப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி). இந்தத் தூக்கத்தோடும் இந்தக் காப்பியோடும் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். காப்பியை ஒன்றாகக் குறையுங்கள், ஆனால் ஒரே நாளில் இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் தலைவலி வரும் வாய்ப்பு குறையும். ஷிப்ட் மாற்றமோ உட்லண்ட்ஸில் வாரத்தில் இரண்டு இரவு தங்குவதோ சாத்தியமா என்று கேளுங்கள். அப்படியும் உடம்பு தாங்கவில்லை என்றால் வேலையை விடுவது தோல்வி இல்லை. காரணம் தூக்கமாக இருக்கட்டும், பயமாக இருக்க வேண்டாம். ஜொகூர் பாரு புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடப் பயணத்திலும் கதவு மூடும்.

அம்மா சொன்னது வலிக்கும். ஆனால் அவரிடம் தேதி, சட்டம், தனிமைப்படுத்தல் கணக்கு எல்லாம் சொல்லி வாதாடாதீர்கள். அந்தக் கணக்கை உங்களுக்காக எழுதினேன். அவர் அன்று மகள் தோளில் சாய முடியாமல் தனியாக நின்றார், அதைத்தான் அந்தக் குத்தலில் சொல்கிறார். தொலைபேசியில் இவ்வளவு சொன்னால் போதும்: "அம்மா, அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல. ஒங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. சொல்லுங்க, கேக்குறேன்." பிறகு இடையில் பேசாமல் கேளுங்கள். முதல் முறை அவர் போனை வைத்துவிடலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

ஈப்போ திருமணத்துக்கு வருகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், ஆனால் மூன்று நாளும் இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு வந்து மறுநாள் மாலை கிளம்புவதாகச் சொல்லுங்கள். தைப்பிங்குக்குப் போவதை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள்; இரண்டு கனத்தையும் ஒரே நாளில் தூக்க வேண்டாம். மண்டபத்தில் நடு வரிசையில் உட்காருங்கள். பயம் ஏறினால் கழிவறைப் பக்கம் ஐந்து நிமிடம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வரலாம், காருக்குப் போய் உட்காருவது மட்டும் வேண்டாம். திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஆறாம் படியைத் தாண்டவில்லை என்றாலும் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. அப்போது கணவரும் மகனும் கூட வரட்டும், காரில் வாருங்கள், யொங் பெங்கிலும் தாப்பாவிலும் நிறுத்தி இறங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பயணம்தான் என்பதால் கடப்பிதழை வீட்டில் வைத்துவிடலாம், அடையாள அட்டை போதும்.